இடுப்பில் ஓர் இடம்

ஜூன் 3, செவ்வாய்
மிரட்டல் கடிதம் வந்த பெண் நீதிபதிக்குப் பாதுகாப்பாக என்னைப் போட்டிருக்கிறார்கள். சாதா உடை, இடுப்பில் பிஸ்டல். ஆய்வாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பதினாலாம் தேதி சுடிதார்ல வந்து எம் முன்னால நில்லு, வேல்விழி. துப்பாக்கி இருக்கது தெரிஞ்சுதுன்னா வேற ஆளத்தான் போடுவேன்."
ஐந்து வருடமாகக் கவாத்தும் பந்தோபஸ்தும்தான். இப்போதுதான் ஓர் உயிரை என்னை நம்பி ஒப்படைக்கிறார்கள். விடமாட்டேன்.
ஆனால் நாடா கட்டும் சுடிதாரில் துப்பாக்கியை எங்கே மாட்டுவது?

ஜூன் 5
துணி உறை சரிப்படாது. துப்பாக்கியை உருவியதும் வாய் மூடிக்கொள்கிறது. திரும்பச் செருக இரண்டு கை வேண்டும். துணிக்கு மேலேயே விசை விரலுக்குத் தட்டுப்படுகிறது! விசையை முழுக்க மூடும் கெட்டித் தோல் உறைதான்.

ஜூன் 7
வீட்டுக்காரருடைய ரெக்சின் பெல்ட் எடை தாங்காமல் மடங்கியது. தென்காசியில் இரட்டைத் தோல் பெல்ட் வாங்கினேன். உறையின் துளைக்குள் இறுக்கமாக நுழைகிறது, ஆடவில்லை. பேண்ட்டுக்கு லூப் வைக்கச் சைதூன் பீவியிடம் தைக்கக் கொடுத்தேன்.
"சுடிதாருக்கு ஏழு லூப்பா! மாப்பிள்ளையக் கட்டிப் போடப் போறியாட்டி?"

ஜூன் 9
பிஸ்டல் வேலை முடிந்ததும் ஆயுதக் கிடங்குக்குத் திரும்பிவிடும். வீட்டுக்கு வராது, வரவும் கூடாது. பாப்பாவுக்கு மூன்று வயசு, கை சும்மா இருக்காது. அதனால் இஞ்சி இடிக்கும் குட்டி இரும்பு உலக்கையை உறையில் செருகிப் பழகுகிறேன். அதுவும் ஒரு கிலோ இருக்கும்.
அத்தை அடுப்படியிலிருந்து கேட்டார்: "ஏட்டி, உலக்கைய எங்கன வச்ச?"
"இடுப்புலதான் அத்தை."
"கிறுக்கச்சி."

ஜூன் 10
கூட வேலை பார்க்கும் ஜெபஸ்டின் அண்ணன் முதுகுப் பக்கம் செருகச் சொன்னார். பத்து வருடமாக அவர் அப்படித்தானாம். அவர் போடுவது தொளதொளச் சட்டை. நான் குனிந்தால் டாப்ஸ் முதுகோடு ஒட்டி அச்சாகத் தெரிகிறது. வலது கையால் குறுக்கே உருவலாம் என்று இடப்பக்கம் வைத்தால் நேராக நிற்கும்போதே துருத்துகிறது. ஏன்?

ஜூன் 12
அழுதுவிட்டேன். நாளை மறுநாள் காட்டணும். என்னால முடியாதோ?
உலக்கை இடப்பக்கம் இருந்ததால் பாப்பாவை வலது இடுப்பில் தூக்கினேன். வழுக்கி வழுக்கி இறங்கினாள். "இங்கன வேண்டாம், அங்கன!" என்று இடப்பக்கத்தைத் தட்டுகிறாள்.
கண்ணாடியைப் பார்த்தேன். அடப்பாவி! மூன்று வருடம் அவளைச் சுமந்த பழக்கம் — கையில் பிள்ளை இல்லாதபோதும் இடது இடுப்பைத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன். நேராக நிற்பதாக நினைப்பு வேறு. வலப்பக்கம் பள்ளம்.
உலக்கையை வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் மாற்றினேன். டாப்ஸ் நேராக விழுந்தது. ஸ்லிட்டையும் நாலு விரல் மூடித் தைத்தேன். இடது கை டாப்ஸைத் தூக்கணும், வலது கை உருவணும். ஐம்பது தடவை.

ஜூன் 13
இன்னும் நூறு.

ஜூன் 14
ஆய்வாளர் என்னைச் சுற்றி வந்தார். குனி, உட்காரு, ஓடு என்றார். கடைசியில், "ஏம்மா, துப்பாக்கிய வாங்காமலே வந்துட்டியா?"

ஜூன் 22, ஞாயிறு
குற்றாலத்தில் நல்ல சாரல். நீதிபதி அம்மா மெயின் அருவியில் குளிக்க வந்தார். பெண்கள் பக்கம் ஜெபஸ்டின் அண்ணன் வர முடியாது, நான் மட்டும்தான். நனையாத ஓரத்தில், அவரைக் கண்ணிலிருந்து விடாமல் நின்றேன்.
தலை துவட்டிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி என்னையே மேலும் கீழும் பார்த்தார். பார்வை இடுப்பில் நின்றது. வலது கை போகப் பார்த்தது, நிறுத்திக்கொண்டேன்.
"கைப்பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வந்தியோ தாயி? நீ நிக்கதப் பாத்தாலே தெரியுதே."
"ஆமா ஆச்சி" என்றேன்.