மலைப்பாதையில் நின்ற வண்டி

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இத்தனை வருஷப் பழக்கம், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. உடனே பதறாதே, அப்பா கண் விழித்துத்தான் இருக்கிறார், சூப்பில் உப்பில்லை என்று நர்சிடம் சண்டை போடும் அளவுக்குத் தெம்பும் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நான் போனைத் தொட்டாலே அவர் காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பித் தருவதாக அந்த நர்ஸ் பெண்ணே சொல்லியிருக்கிறாள்.

கார் ரிப்பேர், அதனால் மலையில் இன்னும் சில நாள் தங்குகிறோம் என்று அப்பா உன்னிடம் அளந்தாரே, அதில் பாதிதான் நிஜம். ரிட்டையர் ஆன பிறகு முதல் தடவையாக ஊர் சுற்றக் கிளம்பினோம், நானும் புதுச் செருப்பெல்லாம் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மலை ஏற ஆரம்பித்ததுமே வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜின் சூடாகுது, கொஞ்சம் ஆறட்டும்னு சொல்லிவிட்டு இறங்கி, பானெட்டைத் திறந்து, ஈரத்துணியால் ரேடியேட்டர் மூடியைத் திருகி, தண்ணீர் ஊற்றினார். ஒரு மடக்குகூட உள்ளே போகவில்லை, எல்லாம் வெளியேதான் வழிந்தது. பிறகு இரண்டு கையையும் வண்டி மேல் ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே நின்றார். நாலு வளைவு போனதும் மறுபடி அதே கதை. சூடு காட்டுற மீட்டர் முள்ளு நடுவுலதானே நிக்குதுன்னு நான் கேட்டதற்கு, முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நானா நீயா என்று ஒரு முறைப்பு. சரிதான், இந்த ஓட்டை வண்டியை எடைக்குப் போடுங்கன்னு நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசித் தடவை நிறுத்திவிட்டுக் கிளம்பினாரே, அப்போது ரேடியேட்டர் மூடியைத் திரும்பப் போடவே மறந்துவிட்டார். நாலடி எடுத்து வைத்தால் கையில் சாவி இருக்கிறதா என்று ரெண்டு தரம் தடவிப் பார்க்கிற மனுஷன், மூடியை மறக்கிறார் என்றால் என்ன நிலைமையில் ஓட்டியிருப்பார் பார். கொஞ்ச தூரத்தில் நிஜமாகவே ஆவி குபுகுபுவென்று கிளம்பி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் படுத்துவிட்டது. திரும்பி அவரைப் பார்க்கிறேன், அந்தக் குளிரில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, ஒரு கை நெஞ்சில். அப்போதுதான் வாயைத் திறந்தார், அடிவாரத்துலேர்ந்தே நெஞ்சைப் பிடிக்குது, நீ ஆசையா கிளம்பினே, சொன்னா வண்டியத் திருப்பச் சொல்லுவே, அதான் பழிய வண்டி மேல போட்டேன் என்றார். அறையலாமா அழலாமா என்று தெரியவில்லை எனக்கு.

நல்லவேளை, ரொட்டி ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. அந்த வேன்காரர் புண்ணியவான், ஒரு வார்த்தை கேட்கவில்லை, தட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணினார். உன் அப்பா அப்போதும் அடம், வண்டிய நடுரோட்டுல விட்டுட்டு வரமாட்டேன்னு. காலரைப் பிடித்து இழுத்து ஏற்றினேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சட்டையில் நான் கை வைத்தது அன்றைக்குத்தான்.

இதயத்துக்குப் போகிற மூன்று குழாயில் அடைப்பு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்ய வேண்டும், மலை இறக்கி வேறு ஊருக்குக் கொண்டுபோவது ஆபத்து, தள்ளிப்போட்டால் அதைவிட ஆபத்து என்றார். இவர் சரி என்று சொல்ல வேண்டுமே! வண்டி ரெடியானதும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்கிறார். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வா, மெக்கானிக் என்ன சொன்னான்னு கேட்டு வா என்று என்னை விரட்டுகிறார், டாக்டரம்மா உள்ளே வந்தால் மட்டும் குறட்டை விடுகிறார். அத்தனையும் பயம். நேற்று வரைக்கும் நானும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்குக் காலையில் கார் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இத வித்துடு, உனக்கு ஓட்ட வராது என்றார். என்னை ஸ்டீயரிங்கைத் தொடவிடாத மனுஷன், தானாகச் சாவியைத் தருகிறார். நீங்களே இருந்து வித்துக்கோங்கன்னு எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தேன், வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன், சாவி இன்னும் மடியில்தான் கிடக்கிறது.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். புது வேலை, லீவு கேட்டால் கெட்ட பெயர், பிள்ளை அங்கே தனியாகத் தவிப்பாள் என்று ஆயிரம் சாக்கு. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் யார் என்று எட்டிப் பார்க்கிறாரே, அவருக்கு இங்கே யாரைத் தெரியும், சொல். என் பேச்சுக்கு அவர் மசிய மாட்டார். நீ வந்து கட்டில் பக்கத்தில் நின்றால் ஆபரேஷனுக்கு மறுபேச்சு பேசாமல் தலையாட்டுவார், எனக்கு அது நிச்சயம்.

இங்கே குளிர் எலும்பைக் குடைகிறது, கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். அவரைப் பார்த்ததும் அழுதுவிடாதே. கார் ரிப்பேர்னீங்களே, அதைப் பார்க்கத்தான் வந்தேன்னு சொல். பொய் என்று அவருக்கே தெரியும், ஆனாலும் அவர் சொன்ன பொய், அவரால் மறுக்க முடியாது.

உன் வழியெல்லாம் நல்லபடியாக அமையட்டும், நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எந்தக் கடிதத்தையும், சிரமப்பட்டு வராதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் முடிப்பேன். என்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. வந்துவிடு.

உன் அம்மா