தவறான முகவரியைக் கொடுத்தவள் நான்

அம்மாவின் கையில் ஊசி குத்திய இடத்தில் ஸ்பிரிட் வாசனை இன்னும் போகவில்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் இது நான்காவது நாள். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்ததும் பக்கத்திலிருந்த மெஷின் கூவியது. நர்ஸ் வந்து மாற்றிவிட்டுப் போனார். எனக்கு மறுபடியும் உன் நினைவு வந்துவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கத்தில், மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் இதே மாதிரி மெஷினுக்குத்தான் நாம் இருவரும் புரோகிராம் எழுதினோம். ஒரு ஃபங்ஷனின், அதாவது ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டின், முகவரியை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுத்துவைப்பது எனக்குப் பிடிபடவே இல்லை. பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்த களைப்போடு நீதான் சொன்னாய்: “கேஸ் புக் பண்றப்ப நம்ம போன் நம்பர் குடுக்கறோம்ல? சிலிண்டர் வந்தா அவனே கூப்பிடுவான். நம்பர் தப்பா குடுத்தா வேற யாருக்கோ போன் போகும். அவ்ளோதான்டி.”

நான் தப்பாகத்தான் கொடுத்தேன். பாட்டில் காலியானால் கூப்பிட வேண்டியது அலாரம் அடிக்கும் ஃபங்ஷனை. அவசரத்தில், திரை விளக்கை அணைக்கும் ஃபங்ஷனின் பெயரை எழுதிவிட்டேன். இரண்டும் ஒரே அமைப்பு என்பதால், எழுத்துப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. சரிபார்த்த உன் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முன்னால் வெறும் தண்ணீர் பாட்டிலை மாட்டிக் காட்டினோம். தண்ணீர் தீர்ந்தது. சத்தமே இல்லை.

“இன்னா சார், பாட்டில் காலியாயி கீது, உங்க மெஷினு லைட்ட அணைச்சிட்டு தூங்கினு கீது?” என்றார் அங்கே நின்ற ஆயாம்மா.

“யார் எழுதினது?” என்று எங்கள் மேனேஜர் கேட்டபோது நான் பாட்டிலைக் கழற்றுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“நான்தான் சார் பாத்து ஓகே பண்ணேன்,” என்றாய். அவருக்கு அது போதுமாக இருந்தது. உன்னை அந்த மெஷின் வேலையிலிருந்தே எடுத்து வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில், “நாளைக்கு சொல்லிடறேன்,” என்றேன்.

“அடுத்த மாசம் உன் வேலை பர்மனென்ட் ஆகணும். சும்மா இரு.” பஸ் வந்ததும், “எனக்குக் கோபம் இல்லன்னு நெனைச்சுக்காத,” என்றாய்.

என் வேலை நிரந்தரமானது. ஆறு மாதத்தில் நீ விலகினாய். நான் வாய் திறக்கவில்லை. வருடங்கள் போயின. நீ இறந்த செய்திகூட, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்தபின் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

நேற்று ஸ்கேன் அறை வாசலில் அந்த மேனேஜரைப் பார்த்தேன். மிகவும் தளர்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “சார், அந்த அலாரம் தப்பு என்னோடது. அவளோடது இல்ல,” என்றேன்.

“எந்த அலாரம்மா?”

எல்லாம் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். யோசித்துப் பார்த்தார். நினைவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை, மறந்துபோனவரிடம் இப்போது சொன்னால் எப்படி இறங்கும்? அன்று நடந்ததை நினைவில் வைத்திருப்பவள் இனி நான் ஒருத்திதான்.