தோளுக்கு மேலே எழும்பாத கை

1992 மே 4, திங்கள்

வெயில். சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. கிணற்றடி வாழைகூட வாடிப்போய் நிற்கிறது.

வாசல் படலையில் வேப்பிலை. எனக்கு அம்மாள் வருத்தமாம். முகம், கழுத்து, நெஞ்சின் மேற்பக்கம் எல்லாம் சிவப்பு. கண்மடல் இரண்டும் நாவற்பழ நிறம். சின்னமுத்து அம்மை என்று தீர்ப்புச் சொன்னவள் தவமணி, தம்பியின் பெண்சாதி. (இனி த. என்று போதும். முழுப்பெயர் எழுத மை வீண்.)

சின்னமுத்து எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. சொன்னேன்.

"அம்மாளோடை வாதாடக் கூடாது மச்சாள்."

தடை: மருந்து, பொரியல், தாளிதம், சீப்பு, பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு யார் படிப்பிப்பது? அதை அம்மாள் சொல்லவில்லை.

வீடு என்னுடையது. அம்மா எனக்கென்று எழுதித் தந்தது. கொழும்புத்துறையில் அவர்கள் வீட்டுப் பக்கம் ஷெல் விழுந்தபோது தம்பியும் இவளும் வந்தார்கள், இரண்டு கிழமைக்கு என்று. இப்போது என் குசினியில் உப்புப் போத்தல் எங்கே என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது.

மே 9, சனி

தலைக்கு வார்த்தாயிற்று. வேப்பிலை, மஞ்சள். சவர்க்காரம் இல்லை, கடையிலும் இல்லை. த. வாளி வாளியாக ஊற்றினாள், மாட்டைக் கழுவுவது போல. சிவப்புப் போகவில்லை.

பிறகு அறைக்குள் வந்து சீப்பை எடுத்தேன். கை தோள் வரை வந்தது. அதற்கு மேலே வரவில்லை. நோவு இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். இடது கையால் வலது முழங்கையைத் தூக்கிக் கொடுத்துப் பார்த்தேன். சீப்பு விழுந்தது. குந்தி எடுத்தால் திரும்ப எழும்ப முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஒருமாதிரி எழும்பினேன்.

எப்போதிலிருந்து இப்படி? தெரியாது. அம்மாள் வந்த வீட்டில் தலை இழுக்கக் கூடாது என்று சீப்பைத் தொடவே விடவில்லையே. தெரிந்திருந்தால் முதலே டொக்டரிடம் போயிருப்பேன்.

பயமாக இருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை.

மே 13, புதன்

பள்ளிக்கூடம். கரும்பலகையின் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதினேன். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தன்: "ரீச்சர், மேலை எழுதுங்கோ, மறைக்குது."

"பார்க்க விருப்பம் இருந்தால் தெரியும்" என்று கத்தினேன். எல்லோரும் எழும்பி நின்று எழுதினார்கள்.

தேவை: சோக், விளக்குத் திரி, கறுத்த நூல்.

மே 16, சனி

பட்டணத்தில் தோல் டொக்டர். வெயில் ஒவ்வாமை, பூச்சு. கை எழும்பவில்லை என்றேன். "அது என்ரை பகுதி இல்லை அம்மா" என்றார், முகத்தைக்கூட நிமிர்த்தாமல்.

அங்கிருந்து இன்னொருவர். "இந்த வயசிலை பொம்பிளையளுக்கு வாற களைப்புத்தான்." விற்றமின் குளிசை. தோலை அவர் பார்க்க மாட்டாராம். இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கிறது, மடையர்களே.

மே 22, வெள்ளி

சோளகம் எழும்பிவிட்டது. ஒரே புழுதி.

கிணற்றடியில் த., பக்கத்து வளவுக்காரியோடு, வேலிக்கு மேலால். நான் யன்னலுக்குள் இருப்பது தெரியாது. அல்லது தெரிந்துதான்.

"கண்ணுக்கு ஏதோ பூசுறாவோ உவ? ஊதா நிறமாய்க் கிடக்கு."

"ஆருக்குத் தெரியும். வேலை எண்டால் கை ஏலாது. எழுத்து மட்டும் ஏலும்."

உண்மைதான், எழுத ஏலும். முழங்கையை மேசையில் வைத்துவிட்டால் விரல் எல்லாம் சொன்னபடி கேட்கிறது. வாளியைத்தான் தூக்க முடியவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. இவளுக்கு எப்படி விளக்குவது?

தம்பி இரவுச் சாப்பாட்டில் கேட்டான்: "அக்கா, மனசிலை ஏதும் கவலையோ? வேலையை விட்டிட்டுப் பேசாமல் ஓய்வாய் இருங்கோவன்." வார்த்தை அவனுடையது இல்லை. பைத்தியம் என்று பேர் வைத்து மூலையில் இருத்திவிட்டால் பிறகு வீடு யாருடைய கையில்? எனக்கு விளங்காதென்று நினைக்கிறார்கள்.

ஒருவராவது நான் நடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அது போதும்.

ஜூன் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரி. தம்பியின் கரியரில் நான். த. தன் சைக்கிளில் பின்னால். வரச்சொல்லி நான் கேட்கவில்லை.

பொது மருத்துவ டொக்டர், இளம் ஆள். கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருக்கிறார். என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் அவள்:

"டொக்டர், நான் உள்ளதைச் சொல்லுறன். இவ எழுதுவா, பூத்தையல் தைப்பா, ஊசியிலை நூல் கோர்ப்பா. கொடியிலை ஒரு சீலை போடச் சொன்னால் ஏலாதாம். றோட்டிலை ஒழுங்கையிலை வடிவாய் நடப்பா. திருவலையிலை இருந்து தேங்காய் திருவினால் எழும்ப ஏலாதாம். நோகுதோ எண்டு கேட்டால் நோகேல்லையாம். நோகாத வருத்தம் எங்கையாவது இருக்கோ?"

தம்பி சுவரைப் பார்த்தான். எனக்கு அவளை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது. கை எழும்பாது.

டொக்டர் பேனையை எடுத்தார். "திரும்பச் சொல்லுங்கோ. ஆறுதலாய்."

அவளுக்குச் சந்தோஷம். எல்லாம் சொல்லி, மேலதிகமும் சொன்னாள்: "தண்ணி குடிச்சால் சிலநேரம் மூக்காலை வருது. அதுவும் நடிப்போ தெரியேல்லை." அதை நான் ஒளித்து வைத்திருந்தேன். எப்போது கண்டாள்?

டொக்டர் என் விரல் மூட்டுகளைப் பார்த்தார், சிவந்து செதில் கட்டியிருந்த இடங்களை. (சாம்பல் போட்டுப் பாத்திரம் கழுவிய புண் என்று நினைத்திருந்தேன்.) கண்மடலைப் பார்த்தார். தாழ்ந்த வாங்கில் இருத்தி, கையைக் கட்டிக்கொண்டு எழும்பச் சொன்னார். முடியவில்லை. கைகளைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி இரண்டு விரலால் அமத்தினார். விழுந்தன. பிறகு தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் அவருக்கு நொந்திருக்கும்.

த.வைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் சொன்னது அவ்வளவும் சரி. அதுதான் வருத்தம். தோளும் இடுப்பும் தொடையும் விழுந்துபோச்சு, விரலும் பாதமும் நிக்குது. நடிக்கிற ஆக்களுக்கு இப்பிடிப் பிரிச்சு நடிக்கத் தெரியாது."

அவள் முகம் போன போக்கு! அதற்காகவே இவ்வளவு தூரம் வந்தது பரவாயில்லை.

பேர்: டேர்மற்றோமயோசைட்டிஸ். தசையில் மட்டும் அழற்சி வருவது ஒரு வகை. தோலில் மட்டும் வருவது ஒரு வகை. எனக்கு இரண்டும். தொற்றாது. நிச்சயப்படுத்த ஐந்து பார்ப்பார்களாம்: தோல், பலக்குறைவு, இரத்தம், தசைத் துண்டு, கரண்ட் வைத்து ஒரு சோதனை. "கரண்டுக்கு எங்கை போறது? மற்ற நாலும் இருந்தால் காணும்" என்றார். கரண்டே இல்லாத ஊர், எனக்கே சிரிப்பு வந்தது.

நாற்பது கடந்தவர்களுக்கு உள்ளே எங்கேயாவது கட்டி ஒளிந்திருந்தாலும் இது வருமாம். வயிறு, மார்பு, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் த. முற்றத்தில் நின்று கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தாள், வீடு இனித் தனக்குத்தான் என்பது போல. நான் கண்டேன்.

ஜூன் 3, புதன்

நித்திரை இல்லை. என்னைக் கள்ளி என்று காட்டப் போனவள்தான் வருத்தத்தைக் காட்டிக் கொடுத்தாள். நானே சொல்லியிருந்தால் 'கை ஏலாது' என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன், மூன்றாவது டொக்டரும் விற்றமின் தந்திருப்பார். இவ்வளவு நுணுக்கமாக என்னைப் பார்த்தது அவள் ஒருத்திதான், வெறுப்பில் என்றாலும். இதற்கு நன்றி சொல்ல வேண்டுமோ? சொல்ல மாட்டேன்.

ஜூன் 27, சனி

சோதனைக்கு அனுப்பியதற்குக் கொழும்பிலிருந்து மறுமொழி வந்துவிட்டது. இரத்தத்தில் தசை நொதியம் கூடுதல். தொடையில் வெட்டிய தசையிலும் அழற்சி. நிச்சயம். குளிசை தந்தார்கள். முகம் ஊதும், பசிக்கும், திடீரென்று நிற்பாட்டக் கூடாது. கையிருப்பு முடிந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். டொக்டர் கண்ணாடி நூலை இறுக்கிக் கட்டினார்.

ஜூலை 12, ஞாயிறு

கதிரையிலிருந்து பிடிக்காமல் எழும்பினேன். கை இன்னும் தோளோடு நிற்கிறது. மெல்ல மெல்லத்தான் என்று டொக்டர்.

த. இப்போது அன்பாகிவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. காலையில் சீப்போடு வந்து நிற்கிறாள். "இரும் மச்சாள், தலை இழுத்து விடுறன்." 'நீங்கள்' போய் 'நீர்' ஆகிவிட்டது. இழுத்து, பின்னி, முடிந்து, கன்னத்தில் தட்டுகிறாள். குழந்தைப்பிள்ளையோ நான்?

வேலியடியில்: "டொக்டரே என்னட்டைக் கேட்டுத்தானே கண்டுபிடிச்சவர். எங்கடை மச்சாளுக்கு எல்லாம் நான்தான்."

நேற்றுப் பின்னிக்கொண்டே கேட்டாள்: "அலுமாரித் திறப்பை என்னட்டைத் தாருமன். உமக்கு ஏன் பாரம்?"

சாவியைக் கொடுக்கவில்லை. ஆனால் தலை அவள் கையில் இருக்கும்போது மறுத்துக் கதைப்பது எவ்வளவு கஷ்டம்.

ஜூலை 19, ஞாயிறு

காற்று. மேகம் இருந்தது, மழை இல்லை.

த. வர முதல் எழும்பினேன். கதவைச் சாத்திவிட்டு மேசையில் இருந்தேன். முழங்கை இரண்டையும் ஊன்றினேன். கை மேலே வராது, சரி. தலையைக் கீழே கொண்டுவந்தேன், நெற்றி மேசையில் முட்டும் வரை. பின்னல் முன்னால் விழுந்தது. தையல் கத்திரிக்கோல். விரலுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே. மொத்தமான மயிர், வெட்டி முடிக்கக் கன நேரம் எடுத்தது.

கதவைத் திறந்தேன். சீப்போடு நின்றாள். மேசையில் கிடந்த பின்னலைப் பார்த்தாள்.

"ஐயோ! எந்தக் கோயிலுக்கு நேர்த்தி மச்சாள்?"

"ஒரு கோயிலுக்கும் இல்லை."

பிறகு சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தாள். "ஒரே கோணலாய்க் கிடக்கு. இரும், நான் சமனாக்கி விடுறன்."

வேண்டாம் என்றேன். சீப்பை வாங்கினேன். குனிந்து நானே இழுத்தேன். கோணல் கிடக்கட்டும்.