பக்கத்துக் கட்டிலில் எடுத்த பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் அதேபோல் இருக்கவேண்டும். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சரியில்லை, அதுவும் மாடியில் காயும் துணியை எடுத்து வாருங்கள் என்று நான் சொல்லும்போது மட்டும்தான் வலிக்கிறது, பேப்பர் வாங்கக் கடைத்தெரு வரை போகும்போது அந்த முழங்காலுக்கு ஒன்றுமே ஞாபகம் வருவதில்லை. உன் அத்தை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்து, என் சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனாள், இன்னும் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, நடுவில் நீ சிரித்தாலும் கோபப்பட்டாலும் எனக்கு மிச்சம் சொல்ல வராது, அதனால் உட்கார்ந்து முழுவதும் படி, முடிந்தால் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு படி.

குழந்தைக்கு நீ அனுப்பிய பேர்ப் பட்டியல் வந்தது. அந்த வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உன் பேரை வெட்டி வெட்டி 'செரி' என்று ஆக்கிவிட்டார்கள், அந்தக் கஷ்டம் என் பெண்ணுக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாய், சரி. அப்பா ஒவ்வொரு பேருக்கும் பொருள் பார்க்கிறேன் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உர்சுலா என்றால் குட்டிப் பெண் கரடியாம். ரேச்சல் என்றால் பெண் ஆடாம். செசிலியா என்பது கண் தெரியாததைச் சொல்கிற பழைய வார்த்தையிலிருந்து வந்ததாம். இது பேர்ப் பட்டியலா, கால்நடை ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரா என்று கேட்டார். அத்தை எதையும் பார்க்காமலே, என் பேரையே வையுங்கள் என்றாள். நீ பிறந்தபோதும் இதையேதான் சொன்னாள், மனுஷி கொள்கையில் உறுதியானவள். மீதி நாலும் 'ஒளி', 'அழகி' என்றே இருந்தன. உனக்கே எதுவும் பிடிக்கவில்லை போல, கடைசி வரியில் கேட்டிருந்தாய் பார், கொள்ளுத்தாத்தாவின் ஓலைச்சுவடியிலிருந்து எனக்கு 'செருந்தி' என்று எடுத்துக் கொடுத்த மாதிரி இவளுக்கும் ஒன்று எடுத்துக் கொடு அம்மா, அவர் கையால் வந்த மாதிரி இருக்கும் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓலைச்சுவடி என்று ஒன்று கிடையாது, கண்ணு. என் தாத்தா மண்டியில் மூட்டை எடைபோட்டவர், கையெழுத்துக்குக் கட்டைவிரலை நீட்டியவர். உன் பள்ளிக்கூட டீச்சர் பொருள் கேட்டபோது 'சிறப்புப் பொருந்தியவள்' என்று அடித்துவிட்டேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தபோது அது ஒரு நட்சத்திரம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது பழைய காலத்து ராணி என்றேன், உன் மாமியார் அதை இன்னும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவருக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எனக்குப் பொருள் தெரியாது. ஏனென்றால் அந்தப் பேரை நான் யோசித்து வைக்கவில்லை, திருடினேன்.

பிரசவ வார்டில் எனக்கு நாலாம் நம்பர் கட்டில். ஐந்தாம் நம்பரில் ஒருத்தி, நகக்கண்ணெல்லாம் மண், செடிப்பண்ணையில் வேலை என்றாள். அவளுக்கும் பெண். மூன்று நாளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருந்தி, செருந்தி என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கத்தில் வர ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் பேர் எழுதுகிற கிளார்க் ரிஜிஸ்டரோடு கட்டில் கட்டிலாக வந்தார். உன் அப்பாவும் அத்தையும் வெளியே வராந்தாவில் உனக்கு என்ன பேர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளார்க், சீக்கிரம் சொல்லும்மா, இல்லைன்னா அத்தை பேரையே எழுதிக்கவா, வெளியே அந்தம்மா அதைத்தான் கத்திக்கிட்டிருக்காங்க என்றார். ஐந்தாம் நம்பர்க்காரி வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். என் வாயிலிருந்து அவள் குழந்தையின் பேர் வந்துவிட்டது. அவள் பிளாஸ்கோடு திரும்பி வந்து அதே பேரைச் சொன்னபோது, ஒரே நாள், ஒரே வார்டு, ரெண்டு குழந்தைக்கும் ஒரே பேரா, நாளைக்கு சர்டிபிகேட் மாறிப்போனா யாரு பதில் சொல்றது, வேற சொல்லும்மா என்றுவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் உனக்குப் பால் கொடுக்கிற மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். அவள் என்ன பேர் சொன்னாள் என்பதுகூடக் காதில் விழவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மறந்திருப்பேன், அவள் திட்டவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் எங்கேயோ கொஞ்சம் குத்தும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். ஓலைச்சுவடி எங்கேன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே, ஏன்னு நினைச்சே என்றார், அவ்வளவுதான், மனிதர் மகா அழுத்தம். பிறகு அகராதியை எடுத்துப் பார்த்தார். மஞ்சள் பூப் பூக்கிற ஒரு மரம் என்று போட்டு, அடுத்தாற்போலவே ஒரு வகைக் கோரை என்றும் போட்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷமா கோரைப்புல்லுக்குக் கேக் வெட்டியிருக்கோம்டி என்று சிரித்தவர்தான், இன்னும் நிறுத்தவில்லை. எது என்று அவளைத்தான் கேட்கவேண்டும் என்று சொல்லி என்னைக் கிளப்பிவிட்டார், கூட வாருங்கள் என்றால் உடனே முழங்கால் வந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அதே செடிப்பண்ணைதான், இப்போது அவள்தான் அங்கே பொறுப்பு. கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள், மேஜைமேல் பேர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி பிரசவ வார்டுல என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நாலாம் நம்பர், உக்காரு, இந்த வரிசையை முடிச்சிடறேன் என்றாள். பன்னிரண்டு சீட்டு எழுதுகிற வரை என்னை முக்காலியில் வேகவைத்தாள். அப்புறம் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், மூக்கைச் சிந்தினேன், எல்லாம் ஆயிற்று. கோரை இல்லையடி, மரம்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விதை போட்டு முளைத்த முதல் கன்றாம். பேர் தெரியாத மரத்தை யார் வாங்குவார்கள், ஒருத்தரும் வாங்கவில்லையாம், அவளே தொட்டி ஓரத்தில் நட்டாள். அது முதல் தடவை பூத்த மாசத்தில்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்றாம். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். நான் போன நேரம் பூ ஒன்றும் இல்லை, வெறும் இலைதான், இருந்தாலும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்புறம் உன் பொண்ணுக்கு என்ன பேர் வச்சே என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் ஷெட் பக்கம் திரும்பி என் பேரைச் சொல்லிக் கத்தினாள். என்ன என்று நான் கேட்டேன். என்னம்மா என்று ஷெட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரலும் கேட்டது. உன் வயசில் நெடுநெடுவென்று ஒருத்தி தண்ணீர்க் குழாயோடு வெளியே வந்தாள். கிளார்க் வேற பேர் கேட்டாரு, எனக்கு வேற எதுவும் வரல, உன் கட்டில்ல மாட்டியிருந்த அட்டையைப் படிச்சேன் என்றாள் ஐந்தாம் நம்பர்க்காரி. நீ என் பேரை எடுத்தே, நான் உன் பேரை எடுத்துக்கிட்டேன். சோம்பேறி, எருமை, தண்ணி ஊத்தினியான்னு உன் பேரைச் சொல்லி அஞ்சு வருஷம் வேணும்னேதான் திட்டினேன், அப்புறம் அது மறந்துபோச்சு, நிஜமாவே பொண்ணைத்தான் திட்டினேன் என்றாள். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கதானா அது, உங்களால நான் எவ்வளவு வாங்கியிருக்கேன் தெரியுமா என்றாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கன்று வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் குட்டிக்குப் பேர் தேடுவதையும் சொன்னேன். எத்தனை மாசம், தலை சுற்றுகிறதா, எல்லாம் விசாரித்தாள். ரெண்டாவதும் பொண்ணு பொறந்தா வைக்கணும்னு ஒரு பேர் வச்சிருந்தேன், பொறக்கல என்று சொல்லிவிட்டு ஒரு சீட்டில் 'ஞாழல்' என்று எழுதினாள். கொன்றை வகையில் ஒரு மரமாம், மஞ்சளாகப் பொடிப்பொடியாகப் பூக்குமாம். சீட்டை நீட்டினாள், நான் பிடித்தேன், அவள் விடவில்லை. இந்தத் தடவை கேளு என்றாள். உன் பேரை என் பேத்திக்குத் தருவியா என்று கேட்டேன். விட்டாள்.

அந்தச் சீட்டு இந்தக் கவருக்குள் இருக்கிறது. வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம், கரடிதான் வேண்டுமென்றால் கரடியையே வை. அங்கே இருக்கிறவர்கள் வாயில் நுழையாதே என்பதற்காக மட்டும் தள்ளிவிடாதே, நுழையாவிட்டால் அவர்கள் இன்னும் கொஞ்சம் வாயைத் திறக்கட்டும். எதை வைத்தாலும், நாளைக்கு அவள் எங்கிருந்து வந்த பேர் என்று கேட்டால் உள்ளதைச் சொல், ஓலைச்சுவடி என்று மட்டும் சொல்லிவிடாதே. இரும்புச் சத்து மாத்திரையை ஒளித்து வைக்காமல் சாப்பிடு. ஜன்னல் திரை மாட்ட நாற்காலிமேல் ஏறாதே, மாப்பிள்ளை உயரமாகத்தானே இருக்கிறார். நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு, வாய் ஓயாத சண்டையும் சிரிப்புமாக இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. சீட்டின் பின்பக்கம் அவளுடைய போன் நம்பர் இருக்கிறது. கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். செருந்தி என்ற பேரை அவள் மூன்று நாள்தான் கூப்பிட்டாளாம், அப்போது அவள் குழந்தைக்குப் பதில் சொல்கிற வயசு இல்லை. நீ கூப்பிடு, அவள் செருந்தி என்பாள், நீ என்னம்மா என்று ஒரு தடவை சொல்லிவிடு. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நாலாம் நம்பர் கட்டில்