பழைய ஆட்டக்காரன் அழுதாள்

ஜனவரி 13, சனி

61–88. நம் கூடைப்பந்து அணிக்குத் தொடர்ந்து பன்னிரண்டாவது தோல்வி.

பள்ளி ஹாலில் ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். மொத்தமே ஏழு பேர். அதில் ஒருத்திக்கு முழங்காலில் கட்டு. ஸோரானா நாற்பது நிமிடமும் ஆடினாள். முப்பத்து நான்கு வயது. திங்களிலிருந்து வெள்ளி வரை பல் மருத்துவரிடம் உதவியாளர், சனிக்கிழமை நம் அணியின் கேப்டன், ஒன்பதாம் நம்பர்.

நான் ஏழாவது வரிசை. பக்கத்து இருக்கையில் என் கோட். ஏழு வருடமாக அங்கே என் கோட்தான் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ரசிகர்களின் முகநூல் குழுவில் திஹோமிர் எழுதியிருக்கிறார். பதினொரு வருடமாகச் சம்பளம் வாங்காமல் அணியின் பேருந்தை ஓட்டுகிறவர், ஹாலில் முரசு அடிப்பவரும் அவரேதான். பெரிய ஊர் கிளப் நம்மைச் சேர்த்துக்கொள்ளத் தயாராம். முதல் லீக்கில் நம் இடம் அவர்களுக்கு. நம் சிறுமிகளுக்கு அங்கே பயிற்சி. "செத்ததை இன்னும் எத்தனை நாளுக்குக் கட்டிக்கிட்டு அழறது?" என்று முடித்திருந்தார்.

எழுபது பதில்கள். பன்னிரண்டு தோல்விக்கு இத்தனை பேர் பேசியதில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

அம்மா ம்யூனிக்கிலிருந்து பேசினாள். அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி தூங்கும் நேரத்தில்தான் எப்போதும் பேசுவாள், அதனால் எங்கள் ஞாயிறுகள் எல்லாம் கிசுகிசுப்பாகவே போகின்றன. அங்கே ஒரு பார்சல் கிடங்கில் ஏப்ரலில் ஆள் எடுக்கிறார்களாம். யசெனிக்கில் உனக்கு என்னடி இருக்கிறது என்று கேட்டாள்.

சனிக்கிழமை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 17, புதன்

பழைய ஆட்டக்காரன் இன்று எழுதினார். அதாவது நான்.

இதை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் குழுவில் என் சொந்தப் பெயரில், நம் தடுப்பாட்டம் ஏன் வலப்பக்கம் உடைகிறது என்று எழுதினேன். வந்தது ஒரே ஒரு பதில். "அக்கா, சமையல் குறிப்பு குரூப் பக்கத்து வீடு." நான்கு நாள் கழித்து 'பழைய ஆட்டக்காரன்' என்ற பெயரில், அதே பத்தியை, சொல்பவர் ஆணா பெண்ணா என்று காட்டும் வினைகளின் கடைசி எழுத்தை மட்டும் ஆணுக்கு மாற்றிப் போட்டேன். அறுபது பேர் பாராட்டினார்கள். "அண்ணே, நீங்க எந்த வருஷ டீம்?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடக்கமான மனிதர் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பெண்கள் அணிக்கான குழு அது.

இன்று எழுதியது இதுதான். பெரிய ஊருக்குக் கொடுப்பதைவிட நாமே கீழ் லீக்குக்கு இறங்கலாம். நம் ஊர்ப் பெண்களை வைத்து, இதே ஹாலில் ஆடலாம். தோற்பது வேறு, இல்லாமல் போவது வேறு. நூற்றுப்பத்துப் பேர் ஆமோதித்தார்கள். திஹோமிரே, "உங்க வார்த்தைக்காக யோசிக்கிறேன் அண்ணே" என்று போட்டிருக்கிறார்.

அலுவலகத்தில் இன்று என்னோடு பேசியவர்கள்: இரண்டு பேர். இருவரும் அச்சுப்பிழை பற்றி.

ஜனவரி 20, சனி

54–80.

ஜனவரி 28, ஞாயிறு

மார்ச் 2-ஆம் தேதி கிளப் உறுப்பினர் கூட்டம். கை தூக்கி ஓட்டு. போவதா, இருப்பதா.

குழு இரண்டாகிவிட்டது. கீழ் லீக்கில் எதிரணியாகத் தபால்காரர்களா வருவார்கள் என்று ஒருவர் கேட்க, உன் மாமியார் வந்தாலும் நம்மை இருபது பாயிண்டில் ஜெயிப்பாள் என்று இன்னொருவர். திஹோமிர் மட்டும் சிரிக்கவில்லை. என் மகளுக்குப் பதினைந்து வயது, இந்த ஊரில் அவளுக்கு யார் ஆட்டம் சொல்லித்தருவார்கள் என்று கேட்டார்.

மார்ச் 2 முடிந்ததும் முடிவு சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அணி போனால் நானும் போகிறேன். இப்படி எழுதிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஏழு பெண்களுக்காக ஒருத்தி ஊரில் தங்குவாளா?

பிப்ரவரி 10, சனி

70–71.

கடைசி நொடி. ஸோரானா இடது கையால் எறிந்தாள். பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. அவள் அங்கேயே, வளையத்துக்குக் கீழே, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷூவைக்கூடக் கழற்றாமல் குழுவில் எழுதிவிட்டேன். பந்து விரல் நுனியை விட்டதுமே விழாது என்று தெரிந்துவிட்டது என்று, அந்தச் சுழற்சி பற்றி, வளையம் குலுங்கிய சத்தம் பற்றி. கொஞ்சம் நன்றாகவே வந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஐயோ.

நேற்றைய பதிவின் கடைசி வரி. 'அழுதேன்' என்று எழுதியிருக்கிறேன். ஆணுக்கான *ப்ளாகாவோ* என்று இருக்கவேண்டிய இடத்தில் பெண்ணுக்கான *ப்ளாகாலா*.

நம் மொழியில் நிகழ்காலத்தில் ஒளிந்துகொள்ளலாம். பார்க்கிறேன், நினைக்கிறேன் — யார் என்று தெரியாது. நடந்து முடிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வருடம் ஒவ்வொரு வாலையும் நறுக்கி ஒட்டினேன். பிழை திருத்தித்தான் சம்பளம் வாங்குகிறேன்! அழுததை எழுதும்போது மட்டும் கை தானாக எழுதிவிட்டது.

நேற்றிரவே, போட்ட இருபது நிமிடத்தில் திருத்தினேன். அதற்குள் ஒருவன் திரையைப் படம் எடுத்துவிட்டான். "பழைய ஆட்டக்காரன் அழுதாளாம்டா" — முந்நூறு சிரிப்புகள்.

சிரிப்பு பரவாயில்லை. "பொம்பளை பேச்சை நம்பி கீழ் லீக்குக்குப் போறதா இருந்தோமே" என்று எழுதியிருக்கிறான் ஒருவன். அதற்கும் நாற்பது பேர்.

பிப்ரவரி 14, புதன்

இன்னும் மோசம். ஸோரானாதான் அது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆதாரம் எல்லாம் என் எழுத்து. விரல் நுனியை விட்டதும் தெரிந்தது என்று எறிந்தவளைத் தவிர யாருக்குத் தெரியும்? இரண்டு வருடமாக ஒன்பதாம் நம்பரைப் புகழ்ந்தது வேறு யார்? தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, கிழவன் வேஷம் போட்டு, தன் இடம் போகாமல் பார்த்துக்கொண்டாளாம். அவள் குழுவில் இல்லவே இல்லை. யாரோ காட்டியிருப்பார்கள்.

ஒரு வரி போதும். 'அது அவள் இல்லை, நான்.' தட்டினேன். அழித்தேன். தட்டினேன்.

பிப்ரவரி 15

இன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 24, சனி

59–77. ஸோரானா இரண்டு ஃப்ரீ த்ரோ எறிய நின்றபோது மேலிருந்து ஒருவன் குரல் நடுங்க, கிழவன் மாதிரி, "பழைய ஆட்டக்காரா, பாத்து!" என்றான். ஹாலே சிரித்தது. இரண்டும் தவறின.

நான் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க ஏழு வரிசை இறங்கவேண்டியதில்லை, முட்டியை நிமிர்த்தினால் போதும். ஒரு நாவலில் இப்படி ஒருத்தியைப் படித்தால் எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். புத்தகத்தை மூடி வைத்திருப்பேன்.

மார்ச் 2, சனி

காலை பதினொரு மணி, ஹாலை ஒட்டிய சிற்றுண்டி அறை. எண்பது பேர் போல. ஜன்னல்களில் ஆவி. சந்தாச் சீட்டைக் காட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முதலில் திஹோமிர் நிதானமாகத்தான் பேசினார். பிறகு காகிதங்களைக் கீழே வைத்தார்.

"ஸோரானா, ஒண்ணு நேராக் கேக்கறேன், கோச்சுக்காத. அந்தப் பழைய ஆட்டக்காரன் நீதானா?"

"நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள பாத்துட்டு, சாயங்காலம் ப்ராக்டிஸ். எனக்கு எழுத ஏதுய்யா நேரம்?"

சிலர் சிரித்தார்கள், அவள் பக்கமாக. உடனே பின்னாலிருந்து ஒருவன், நேரமில்லாதவளுக்குத் தன்னைப் புகழ மட்டும் நேரம் கிடைக்குமோ என்றான். அவள் திரும்பவில்லை. கழுத்து சிவந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எழுந்தேன்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். *பிஸாலா.* கடைசி எழுத்து, பெண்ணுக்கானது, தெளிவாகவே வந்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. திட்டுவார்கள், சிரிப்பார்கள் என்று மூன்று வாரமாகத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் திஹோமிர். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

பெயர் சொன்னேன். மிர்தா, ஏழாவது வரிசை. அவர் பட்டியலில் விரல் ஓட்டித் தேடினார். ஏழாவது வரிசையில் யார் உட்காருவார்கள் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஷ்டெஃபிட்சா அம்மாதான் சொன்னாள்:

"வருவா. பேசமாட்டா."

இரண்டே சொல்லில் ஏழு வருடம்.

எழுந்து நின்றாகிவிட்டது, பேசினேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. இங்கே கத்துக்கிற பொண்ணு அங்கே போய் நல்லா ஆடலாம், இங்கே ஆட்டமே இல்லேன்னா எந்தப் பொண்ணு கத்துக்க வருவா — அந்த மாதிரி ஏதோ. யாரும் குறுக்கே பேசவில்லை. அது மரியாதையா, இவள் யாரென்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்களா, தெரியவில்லை.

கைகளை இரண்டு முறை எண்ணினார்கள். போவதற்கு 43. இருப்பதற்கு 39.

மூன்று வாரம் முன்னால் என்றால் கணக்கு வேறாக இருந்திருக்கும். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

வெளியே வரும்போது ஸோரானா என்னைக் கடந்து போனாள். பார்க்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

அம்மா கிசுகிசுத்தாள்: "சரி, அதான் முடிஞ்சுதே. இப்ப வந்துடு."

கிடங்கு வேலைக்கான படிவத்தை அனுப்பியிருக்கிறாள். அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு எழுத்துப்பிழை.

மார்ச் 9, சனி

அவர்களுக்கு வெளியூர் ஆட்டம். எனக்கு ஒன்றும் இல்லை. ஜன்னல் துடைத்தேன். நான்கு மணிக்கே துடைத்து முடித்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

மதியம் அலுவலக வாசலில் ஸோரானா. மருத்துவமனை வெள்ளைச் சட்டைக்கு மேலே ஜாக்கெட். காபி சாப்பிடலாமா என்றுகூடக் கேட்கவில்லை, நேராக நடந்தாள். நானும் பின்னாலேயே காபிக் கடைக்குள் போனேன்.

நன்றி சொல்வாள் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல. வெட்கம்.

"மூணு வாரம்" என்றாள். "நோயாளிங்க வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே என்னைப் பாத்து சிரிச்சாங்க. நீங்க பதினொண்ணாம் தேதியே ஒரு வரி போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

ஆமாம் என்றேன்.

காபியில் சர்க்கரையைக் கலக்கினாள். பிறகு, என் பதிவுகள் எல்லாவற்றையும் தன் மகளைத் திரையில் காட்டச்சொல்லிப் படித்ததாகச் சொன்னாள். இடது கையால் எறியும்போது தோள் முன்கூட்டியே திறந்துவிடுகிறது என்று நான் எழுதியது சரியாம். பயிற்சியாளர்கூட அதைச் சொன்னதில்லையாம்.

அவளும் இன்னும் நாலு பேரும் பெரிய ஊருக்குப் போகவில்லை. புதுக் கிளப், கீழ் லீக். சட்டை நிறம்கூட வேறு. பெண்கள் இருக்கிறார்கள், மேசைக்குத்தான் ஆள் இல்லை. புள்ளி, ஃபவுல் எல்லாம் தாளில் குறிக்க, பயிற்சி முடித்துத் தேர்வு எழுதிய ஒருவர் வேண்டும்.

"உனக்குத்தான் எழுத வருமே" என்றாள்.

'நீங்க' எந்த இடத்தில் 'நீ' ஆனது என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னதற்கு, "யோசி. ரொம்ப யோசிக்காத. உனக்கு அது வியாதி."

ஏப்ரல் 1, திங்கள்

படிவத்துக்கு இன்று கடைசி நாள். அனுப்பவில்லை. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சொன்னேன். கிழவி எழுந்துவிட்டாள் என்று அம்மா வைத்துவிட்டாள். எழுந்திருக்கமாட்டாள், அந்த நேரத்தில்.

ஜூன் 8, சனி

புள்ளி குறிப்பவர்களுக்கான தேர்வில் தேறிவிட்டேன். கூட எழுதிய பதினான்கு பேரில் ஒருவரிடமும் பேசாமல் திரும்பியிருக்கிறேன்.

அக்டோபர் 12, சனி

முதல் ஆட்டம். பச்சைச் சட்டை, பார்வையாளர் இருபத்தாறு பேர். திஹோமிர் வரவில்லை, மகளுக்கு இன்று பெரிய ஊரில் ஆட்டம். முரசு இல்லாத ஹாலில் ஷூக்கள் தரையில் கீச்சிடுவது கேட்கிறது.

மேசையில் இருப்பவர்கள் கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது, முகத்தில்கூடக் காட்டக்கூடாது. எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் மூன்றாவது கால்பகுதியில் நாங்கள் ஏழு புள்ளி முன்னால் போனபோது மேசைக்கு அடியில் பாதங்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

கடைசி நான்கு நிமிடம் இருக்கும்போது ஸோரானா மூச்சு வாங்க மேசைக்கு வந்தாள்.

"மிர்தா, எனக்கு எத்தனை ஃபவுல்?"

"நாலு."

தலையாட்டிவிட்டு ஓடினாள். அடுத்த நிமிடமே விசில். எதிரணிப் பெண் தானாகத்தான் தடுக்கி விழுந்தாள், நான் நேராகப் பார்த்தேன். நடுவர் என் பக்கம் திரும்பி ஸோரானாவின் நம்பரை, ஒன்பதை, விரலில் காட்டினார். ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன். ஐந்து ஃபவுலோடு ஆட்டத்திலிருந்து வெளியே. அவள் பெஞ்சில் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். 48–52.

ஆட்டம் முடிந்து நேராக என் முன்னால் வந்து நின்றாள். "அது ஃபவுலே இல்லடி" என்றாள். நடுவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டாள்.

புள்ளித்தாளின் பிரதிகளைப் பிரித்து, உறையில் போட்டு, மேசையை மடக்கி வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவள் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

"ஃபவுல் இல்ல" என்றேன்.