மருமக்கள் பட்டியலில் பூனை

என்னோடு சண்டை பிடிப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வைத்திருந்த என் செல்ல அருள் மாமாவுக்கு,

முதலில் பாவசங்கீர்த்தனம். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மடலைக் கெடுத்தது நான்தான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. நீங்கள் அங்கே சிரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். இங்கே முதல் பத்து நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை.

நம்முடைய ஆட்களின் நினைவு மடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் ஆருயிர்ச் சகோதரர், கடைசியில் மருமக்கள். ஒரு பெயர் விடுபட்டாலும் இரண்டு கலியாணத்துக்கு ஆள் வராது. அப்படிப்பட்ட பட்டியலை என்னிடம் ஒப்படைத்தது உங்கள் தங்கச்சி, அதாவது என் அம்மா, செய்த பிழை. மருமக்கள் எல்லாருடைய பெயரும் மாமாவின் போனில் இருக்கும், பார்த்து எடுத்து யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு அனுப்பு என்றார்.

தேடினேன். ‘மருமக்கள்’ என்ற தலைப்பிலேயே ஒரு குறிப்பு இருந்தது. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. திறந்து பார்க்காமலே அச்சகத்துக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் குரல்பதிவு ஒன்றும் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினேன். சரிபார்க்கச் சொல்லி அவர்கள் அனுப்பிய படத்துக்கும் ஒரு பெருவிரலைக் காட்டிவிட்டேன்.

மாமா, பேஸ்போல் அணியின் அடிக்கும் வரிசைக்கு ‘மருமக்கள்’ என்று தலைப்புப் போட்டு வைக்கிற மனிதர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்? மாமி போனை எட்டிப் பார்த்தால் குடும்ப விஷயம் என்று நினைத்து விட்டுவிடுவார் என்பதுதானே உங்கள் திட்டம்?

இத்தாலியில், இந்தப் பலேர்மோ நகரத்தில் பேஸ்போல் பார்க்கும் ஒரே வீடு நம்முடையதாகத்தான் இருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் அத்தான், என் பெரியப்பா, உங்களுக்கு அந்த ஊர் அணியின் நீலத் தொப்பி ஒன்று அனுப்பப்போய் வந்த வினை அது. அங்கே ஞாயிறு மத்தியானம் விளையாட்டு, இங்கே பின்னேரம் ஏழு மணி. கால்சாப் பக்கத்தில் வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உங்களுக்கு அன்றுதான் லீவு. ஏழு மணிக்கு முன்னர் ஆளுக்கொரு ஒன்பது பெயர் வரிசை எழுதவேண்டும். விளையாட்டு முடிய, யாருடைய வரிசை மோசமோ அவர் கோப்பை கழுவவேண்டும். வாயில் நுழையாத வீரர்களுக்கெல்லாம் நீங்கள் தமிழ்ப் பெயர் வைத்தீர்கள். கபோச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லையே. அரைமணி நேரம் பேஸ்போலை விளக்கிய பிறகு அவர், எல்லாம் சரி, கோல் காப்பது யார் என்று கேட்டார்.

நம்முடைய பெரிய சண்டை, நீங்கள் ‘பூனை’ என்று பெயர் வைத்த வீரனைப் பற்றியது. பயிற்சியாளர் அவனை ஏழாவதாக இறக்குகிறார், அதுவே அதிகம் என்பது என் கட்சி. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறவனை வேறு எங்கே விடுவது? நீங்கள் விடவில்லை. “அவன் அடிக்கத் தேவையில்லையடி. நாலு பிழையான பந்தைப் பேசாமல் விட்டிட்டு, முதல் தளத்துக்குச் சும்மா நடந்தே போவான். முதல் ஆளுக்கு அந்தப் பொறுமைதான் வேணும்” என்பீர்கள். நீங்கள் பயிற்சியாளருக்குப் புத்தி சொல்ல, நான் உங்களுக்குச் சொல்ல, மூன்று மாதம் ஓடியது.

சரி, நினைவு மடலுக்கு வருகிறேன். ஊரிலிருந்து வந்த ஒருவர் அச்சடித்த மடல்களை நேரே மாதா கோவில் மண்டபத்துக்கே கொண்டுவந்தார். பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னர், நம்முடைய கோவில் மூப்பர் எழுந்து கண்ணாடியைத் துடைத்து, உருக்கமான குரலில் வாசித்தார். பெற்றோரின் பெயர் வந்தது. மாமியின் பெயர் வந்தது. பிறகு: “பூனை, நெட்டை, சங்கிலி, தாடி, மாப்பிள்ளை, சின்னவன், கட்டை, சுருட்டை, அப்பு, ஷாரோன் ஆகியோரின் பாசமிகு மாமாவும் ஆவார்.”

அச்சகத்தாரைக் குறை சொல்லமாட்டேன். நம்முடைய வீடுகளில் செல்லப்பெயர்கள் அப்படித்தானே இருக்கின்றன? மூப்பருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்வரிசை வாங்கிலிருந்த ஒரு அன்ரி, பூனை மன்னாரில் இருக்கிறாரா கனடாவிலா என்று பக்கத்தில் விசாரித்தார். நான் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். பெரியப்பாவின் இரண்டு மகன்மாருடைய பெயரும் இல்லை. ஒன்பது பேஸ்போல்காரர் இருக்கிறார்கள்.

அம்மாவின் கண் நேரே என்னிடம் வந்தது. எல்லாருடைய கண்ணும் வந்தது. வராதா? போன நத்தாருக்கு இயேசு பாலனின் குடிலில் இடையர்களுக்கு நடுவே மட்டையோடு ஒரு பிளாஸ்டிக் வீரனை நிறுத்தியவள் நான். உங்கள் போனுக்கு மாமி ஏசுகிற குரலையே மணியாக வைத்தவளும் நான். “செத்த மனுசன்ர மடலிலையுமோடி உன்ர சேட்டை?” என்றார் அம்மா. நான் இல்லை என்றேன். யார் நம்புவார்? நானாக இருந்தால் நானே நம்பமாட்டேன்.

அம்மா ஏசுவதும் மண்டபம் முறைப்பதும் எனக்குப் பழக்கம். மாமிதான் பயம். நீங்கள் போன நாளிலிருந்து அவர் என்னோடுதான் கொஞ்சமாவது கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய துக்கத்தில் விளையாடியவள் என்று மாமி நினைத்துவிட்டால், அந்த வீட்டுக் கதவை இனி எந்த முகத்தோடு தட்டுவேன்?

மாமி மூப்பரின் கையிலிருந்த மடலை வாங்கினார். பெயர்களின் மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டினார். திரும்ப முதல் பெயருக்கு வந்தார்.

“இவள் செய்யேல்லை.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி விடவில்லை. “இவள் எழுதியிருந்தால் பூனை ஏழாவதா வந்திருக்கும். மூண்டு மாசமா குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டு கேட்டனான். இது அந்த மனுசன்ர வரிசை.”

மாமி இன்னும் மடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூனை முதல் வந்தது சரி. ஆனால் சின்னவனை ஏன் எடுத்தவர்? அவன் ஆவணி முழுக்கக் காத்தைத்தானே அடிச்சவன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார், மாமா. முப்பத்தொரு நாளுக்குப் பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. முதலில் அம்மாவுக்குத் தொற்றியது, பிறகு அன்ரிமாருக்கு. மூப்பர் மட்டும், சின்னவன் அவ்வளவு மோசமான பிள்ளையா என்று கவலைப்பட்டார். பெரியப்பாவுக்குப் போன் எடுத்து மகன்மாருடைய பெயர் விடுபட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதை விடு, நெட்டையை இரண்டாவதாக விட்டால் எப்படி வெல்வது என்று அவர் அங்கே துள்ளினார். ஆறிப்போன சோற்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரிசைக்காகச் சண்டை பிடித்தோம்.

இப்போதைய செய்தி: ஞாயிறு ஏழு மணிக்கு உங்கள் கதிரையில் மாமி. தொப்பியும் அவருடைய தலையில்தான். போன கிழமை பயிற்சியாளருக்கு என்ன வந்ததோ, பூனையை முதலில் இறக்கினார். அவன் நாலு பிழையான பந்தையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சந்தைக்குப் போகிறவன்போல நடந்து போனான். மாமி எழும்பிய எழும்பில் கோப்பி என் காற்சட்டையில். நீங்கள் சொன்னது சரி. இதை ஒரு தரம்தான் எழுதுவேன், இரண்டாந்தரம் கேட்கவேண்டாம். அதற்குப் பிறகு மூன்று முறை அவன் நின்ற நிலையிலேயே ஆட்டமிழந்ததையும் பதிந்துகொள்ளுங்கள். கோப்பை கழுவியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன், மாமா. இது சேட்டை இல்லை. மாமியை ஒரு ஞாயிறும் தனியாக விளையாட்டுப் பார்க்க விடமாட்டேன். அவர் உங்கள் பக்கம் நின்று வரிசை எழுதுவார். அது முழுப்பிழை என்று சொல்ல, பக்கத்தில் நான் இருப்பேன்.

என்றும் உங்கள் எதிர்க்கட்சி மருமகள்,
ஷாரோன்