அனுப்பாமல் விட்ட இரண்டு மணி நேரம்

அக்கா,

இன்று காலை, தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் வாயு மருந்து பாட்டில் ஒன்று கைதவறி உடைந்தது. அறை முழுக்கப் புதினா வாசனை. உங்களுக்கு நான் கடைசியாகக் கொடுத்த மருந்து அது. ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வையம்பட்டியிலிருந்து, வரப்புத் தகராறு வழக்கில் விசாரணைக் கைதியாகச் சிறைக்கு வந்திருந்தீர்கள். நான் அப்போது அந்தச் சிறையின் பெண்கள் பகுதியில் நர்ஸ். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம், "சாப்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்களுக்கு வலி வந்த அந்த வாரம்தான் இன்னொரு பெண் கைதி, வலிப்பு வந்ததுபோல் நடித்து வெளி ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து தப்பிக்கப் பார்த்தாள். அவளை அனுப்பச் சொல்லி எழுதியவள் நான். காவலுக்குப் போன இருவருக்கு மெமோ வந்தது. அதன்பின் யார் வலி என்று வந்தாலும், நோயைத் தேடுவதற்கு முன் பொய்யைத் தேடினேன்.

நீங்கள் காலை பத்து மணிக்கு வந்தீர்கள். "தாடையெல்லாம் இழுக்குது சிஸ்டர். முதுகு வலி வேற. என்னமோ பண்ணுது."

பக்கத்தில் நின்ற வார்டரம்மா சிரித்தார். "நாளைக்குக் கோர்ட்டுல வாய்தா இருக்குல்ல, அதான் நடிப்பு."

பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும் என்று படித்தவள் நான். ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. டாக்டர் அன்று வெளியே போயிருந்தார். ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

"வாயுதான்க்கா. இதைக் குடிச்சிட்டுப் படுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் குடித்தீர்கள்.

பன்னிரண்டு மணிக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புடவை வேர்வையில் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியில் உங்கள் கையைப் பிடித்தபடி நானும் வந்தேன். புத்தூரை நெருங்கும்போது கண்ணைத் திறந்து, "நான் நடிக்கல சிஸ்டர்" என்றீர்கள்.

"தெரியும்க்கா" என்றேன். உங்களுக்குக் கேட்டதோ என்னவோ. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நாடி இல்லை.

உங்கள் சாவு பற்றிய விசாரணையில் நேரம், மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். என்னை எச்சரித்ததோடு விட்டார்கள். வேலையை நானாகத்தான் விட்டேன். நீங்கள் கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உங்கள் மகள் கேட்டாள். உங்கள் துணிப்பையை வாங்க வந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றாள்.

"உன்னைத்தான் கேட்டாங்கம்மா."

அவள் பிடித்த கையை விடாமல் அழுதாள். "நீங்களாச்சும் கூட இருந்தீங்களே."

அவள் மனம் தாங்காது என்றுதான் பொய் சொன்னதாக வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை அக்கா, உண்மையைச் சொன்னால் அவள் என் கையை விட்டுவிடுவாளோ என்ற பயம்தான். இரண்டு முறை வையம்பட்டி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது.